ஜாஸ் (சொல்)

ஜாஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவில் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்த ஒரு கொச்சைச் சொல் ஆகும். இன்று இது ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடையே தோன்றிய ஓர் இசை வகையின் பெயராக உலகெங்கும் அறியப்படுகிறது. எனினும் இச்சொல் முதலில் இசையைக் குறிக்கவில்லை. அவ்விசையின் பிறப்பிடமான நியூ ஓர்லியன்சிலும் தோன்றவில்லை.

தோற்றம்

இச்சொல்லின் மிகப் பழைய அச்சுச் சான்றுகளுள் ஒன்று 1912 ஏப்ரலில் வெளிவந்த லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழில் உள்ளது. பென் ஹெண்டர்சன் என்ற பேஸ்பால் வீரர், தாம் வளைத்து வீசும் பந்தை 'ஜாஸ்' எனக் குறிப்பிட்டார். 1913 இல் சான் பிரான்சிஸ்கோ புல்லட்டின் நாளிதழின் விளையாட்டுப் பக்கங்களில் துடிப்பு, ஊக்கம் என்னும் பொருளில் இது பலமுறை இடம்பெற்றது. 19 ஆம் நூற்றாண்டில் ஆற்றல் என்னும் பொருளில் வழங்கிய 'ஜாஸம்' என்ற சொல்லில் இருந்து இது வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

ஆப்பிரிக்க மொழி, பிரெஞ்சு மொழி ஆகியவற்றில் இருந்து வந்ததாகவும் கருத்துகள் உள்ளன. ஆயினும் அவற்றுக்கு உறுதியான சான்றுகள் கிடைக்கவில்லை. பாலியல் பொருளே முதற்பொருள் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அப்பொருளுக்கான எழுத்துச் சான்றுகள் இசைப்பொருளுக்குப் பிந்தியவை.

இசையின் பெயராதல்

இச்சொல் கலிபோர்னியாவில் இருந்து சிக்காகோ சென்றபோது இசையுடன் இணைந்தது. 1915 சூலையில் சிக்காகோ டெய்லி டிரிபியூன் இதழ் இதனை இசையின் பெயராகப் பயன்படுத்தியது. நியூ ஓர்லியன்சு இதழ்களில் இப்பொருள் 1916 இல் காணப்படுகிறது. 1917 இல் வெள்ளையர் ஐவரைக் கொண்ட ஒரிஜினல் டிக்சிலாண்ட் ஜாஸ் பேண்ட் வெளியிட்ட இசைத்தட்டு இப்பெயரை நாடெங்கும் பரப்பியது. அக்காலத்தில் இச்சொல்லுக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் வழங்கின. அவற்றுள் ஒன்றே பின்னர் நிலைபெற்றது.

பிற பொருள்கள்

1922 இல் ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் தலைப்பில் 'ஜாஸ் யுகம்' என்னும் தொடர் இடம்பெற்றது. அது 1920களின் அமெரிக்க வாழ்வையே குறிக்கும் தொடராக மாறியது. வெற்றுப் பேச்சு, 'இன்ன பிற', மெருகூட்டுதல் ஆகிய பொருள்களிலும் பேச்சு வழக்கில் இச்சொல் பயன்படுகிறது.

எதிர்ப்பு

இப்பெயரை இவ்விசைக்கு இட்டவர்கள் இதனை உருவாக்கிய கறுப்பின இசைஞர்கள் அல்லர் என்பதால், அவர்களுள் சிலர் இதனை ஏற்கவில்லை. டியூக் எலிங்டன் தம் இசையை இப்பெயருக்குள் அடக்குவதை விரும்பவில்லை. தாளக் கலைஞர் மாக்ஸ் ரோச் இச்சொல்லை இழிவானதாகக் கருதினார். எக்காளக் கலைஞர் நிக்கலஸ் பேட்டன் 2011 இல் இதற்கு மாற்றாக 'கறுப்பு அமெரிக்க இசை' என்ற பெயரை முன்வைத்தார்.

ஏற்பு

அமெரிக்க வட்டார வழக்குக் கழகம் 2000 ஆம் ஆண்டில் 'ஜாஸ்' என்பதை 20 ஆம் நூற்றாண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. யுனெஸ்கோ 2011 இல் அறிவித்த பன்னாட்டு ஜாஸ் நாள், 2012 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 30 அன்று கொண்டாடப்படுகிறது.