வணிகத் தடையும் ஆட்சி மாற்றமும்: தென்னாப்பிரிக்கா தரும் பாடம்

ஒரு நாட்டில் நிலவும் கொடுமையைப் பிற நாடுகள் வணிகத்தை நிறுத்தி ஒழிக்க இயலுமா? தென்னாப்பிரிக்க வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் உள்ளிட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அங்குள்ள இந்தியரின் நிலவுரிமையை ஒடுக்கும் சட்டம் 1946-இல் இயற்றப்பட்டது. அதனை எதிர்த்து இந்தியா அவ்வாண்டே தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியது. அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. மலாயாவும் 1960-இல் அந்நாட்டுப் பொருள்களைத் தடை செய்தது. துங்கு அப்துல் ரகுமான் காமன்வெல்த் மாநாட்டில் இனவொதுக்கலைக் கண்டித்தார். 1961-இல் தென்னாப்பிரிக்கா அவ்வமைப்பைவிட்டு விலகியது.

ஆயினும் ஆட்சி அசையவில்லை. நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுக்கும் சாசோல் ஆலைகளை அது விரிவாக்கியது. 1977-இல் ஐக்கிய நாட்டு நிறுவனம் படைக்கலத் தடையைக் கட்டாயமாக்கியபோது, உள்நாட்டிலேயே படைக்கலம் செய்தது. நீண்ட தடை, தடுக்கப்பட்டோர்க்கு மாற்றுவழியையும் கற்பித்துவிடுகிறது.

ஈண்டு இரு சொற்களை வேறுபடுத்துதல் வேண்டும். தடை என்பது அரசு விதிப்பது. புறக்கணிப்பு என்பது மக்கள் மேற்கொள்வது. 1959-இல் ஆல்பர்ட் லுத்துலியும் அவர்தம் தோழர்களும், தம் மக்களுக்கும் துன்பம் நேரும் என்றறிந்தே, உலகோரிடம் புறக்கணிப்பை வேண்டினர். 1976-இல் சொவெட்டோ மாணவர்கள் ஆப்பிரிக்கான்சு பயிற்றுமொழியாகத் திணிக்கப்பட்டதை எதிர்த்து எழுந்தனர். மொழியுரிமைக்காக மூண்ட அத்தீ 1980-களில் தொழிற்சங்கங்கள் வரை பரவியது. அவ்வெழுச்சி கண்டே 1985-இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கி கடனைப் புதுப்பிக்க மறுத்தது. மறு ஆண்டு அமெரிக்கப் பேரவை, அதிபர் ரீகனின் மறுப்பையும் மீறித் தடைச் சட்டம் இயற்றியது. பனிப்போரின் முடிவும் துணைநின்றது. 1990-இல் மண்டேலா விடுதலையானார். 1994-இல் அனைத்து இனத்தாரும் வாக்களித்தனர்.

கியூபாவின் நிலையோ வேறு. அமெரிக்கா 1962-இல் விதித்த முழுத் தடை அறுபது ஆண்டு கடந்தும் அந்நாட்டு ஆட்சியை மாற்றவில்லை. மக்கள் பற்றாக்குறையில் உழன்றனர். ஆட்சியாளரோ தம் குறைகளையும் அத்தடையின்மேல் சுமத்த முடிந்தது. 1992 முதல் ஐக்கிய நாட்டுப் பொதுப்பேரவை அதனை நீக்குமாறு கோரிவருகிறது.

இரண்டையும் ஒப்பிட்டால் ஓர் அளவுகோல் கிட்டுகிறது. துன்புறுவோரே வேண்டி, பல நாடுகள் இணைந்து, தெளிவான இலக்குடன் விதிக்கும் தடை உள்நாட்டுப் போராட்டத்திற்கு ஊன்றுகோலாகும். புறத்திருந்து ஒரு நாடு மட்டும் சுமத்தும் தடை ஆட்சியாளர்க்கே கேடயமாகிவிடலாம். ஆகவே, ஒரு தடையை மதிப்பிடுங்கால் அது எத்தனை ஆண்டு நீடித்தது என்பதைவிட, அதை வேண்டியவர் யார் என்பதையே நாம் முதலில் வினவுதல் வேண்டும்.