காற்று, வெயில், எடை: நெடுங்கடல் சொகுசுக் கட்டமரானின் வளர்ச்சி வரலாறு

நெடுங்கடல் ஓடும் சொகுசுக் கட்டமரான் இன்று மூன்று ஆற்றல்களை நம்பியிருக்கிறது: பாயில் அடிக்கும் காற்று, கூரையில் விழும் வெயில், தொட்டியில் கிடக்கும் டீசல். பெரும்பாலும் 45 முதல் 80 அடி வரை நீளம். ஒடுங்கிய இரண்டு உடல்கள். அவற்றை இணைக்கும் அகன்ற தளம். தளத்தின்மேல் சமையலறையும் கூடமும், உடல்களுக்குள் படுக்கையறைகளும் இருக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி, ஃபிரிட்ஜ், சலவை இயந்திரம், ஏ.சி. என்று கரையிலுள்ள வசதியான வீட்டின் சாமான்கள் எல்லாம் உள்ளே உண்டு. பசிபிக் தீவினரின் கலங்கட்டும் அறிவு, பிளைவுட், கண்ணாடி இழை, படகு வாடகைத் தொழில், சூரிய மின்கலம், லித்தியம் பேட்டரி ஆகியவை வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்து இந்தக் கலத்தை உருவாக்கின. அவை வந்த வரிசையைத் தொடர்ந்து பார்த்தால், ஒவ்வொரு கட்டத்திலும் அதன் போக்கைத் தீர்மானித்தது எடை என்பது புலப்படும்.

இரண்டு உடல்களை இணைத்துப் பெருங்கடல் கடக்கும் முறை பாலினீசிய மக்களுடையது. தேங்காய் நாரில் திரித்த கயிற்றால் பலகைகளைத் தைத்து, குறுக்கு உத்தரங்களை வரிந்து கட்டிய இரட்டைக் கலங்களில்தான் அவர்கள் ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு வரை குடியேறினார்கள். அக்கலங்களின் திறனைப் பிற்காலத்தார் ஐயுற்றபோது, 1975இல் ஹவாயில் கட்டப்பட்ட ஹோக்குலேயா என்ற கலம் மறு ஆண்டே தாஹிட்டி வரை ஓடிக் காட்டியது. கருவிகள் ஏதுமின்றி விண்மீனையும் அலையையும் பார்த்து வழிநடத்தியவர் மைக்ரொனீசியாவின் மாவ் பியாய்லுக். சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இந்த மரபைச் சேர்ந்ததல்ல. அது பக்கம் பக்கமாகக் கட்டிய மரத்தண்டுகளின் மிதவை. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூல் வழியாக அதன் பெயர் ஆங்கிலேயரிடையே பரவி, பின்னாளில் இரட்டை உடல் கலங்கள் மீது நிலைத்துவிட்டது.

ஐரோப்பியரில் வில்லியம் பெட்டி 1660களில் சில இரட்டை உடல் கலங்களைக் கட்டினார். அவற்றுள் ஒன்று 1665இல் கடலில் மூழ்கியதும் முயற்சி தளர்ந்தது. அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெரஷாஃப். 1876இல் நியூயார்க்கில் நடந்த நூற்றாண்டு விழாப் பந்தயத்தில் அவருடைய அமரில்லிஸ் மற்றப் படகுகளை வெகுதூரம் பின்தள்ளியது. போட்டியாளர்கள் ஆட்சேபித்தார்கள். அதன்பின் இத்தகைய படகுகள் கிளப் பந்தயங்களிலிருந்து நெடுங்காலம் விலக்கி வைக்கப்பட்டன. 1877இல் ஹெரஷாஃப் பெற்ற காப்புரிமையில் கவனிக்கத்தக்கது இணைப்பு முறை. இரண்டு உடல்களும் அலைக்கேற்பத் தனித்தனியே ஏறி இறங்கும்படி, கிண்ணத்தில் உருளும் பந்து போன்ற மூட்டுகளை அவர் வைத்திருந்தார். விறைப்பாக இணைத்தால் அலையின் முறுக்கு முழுவதும் உத்தரத்தில் விழும்; அதைத் தாங்கும் அளவுக்குத் தடித்த மரத்தைப் போட்டால் படகு கனத்துவிடும். அக்காலத்து மரவேலைக்கு இது தீராத சிக்கல்.

சிக்கலைத் தீர்த்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிளைவுட்டும், நீரில் கரையாத பசையும். போருக்கு முன்பே, 1937இல், பிரெஞ்சுக்காரர் எரிக் டி பிஷோப் ஹவாயிலிருந்து கைமிலோவா என்ற தம் இரட்டைக் கலத்தில் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 1938இல் கான் துறையை அடைந்திருந்தார். ஆனால் அது கனத்த கலம். 1947இல் ஹவாயில் உட்டி பிரவுன் தம் கூட்டாளிகளுடன் கட்டிய மானு காய்தான் புதிய பொருளின் ஆற்றலை முழுமையாகக் காட்டியது. இங்கிலாந்தின் கேன்வே தீவில் ரோலண்ட், பிரான்சிஸ் புரௌட் சகோதரர்கள் 1950களின் நடுவில் ஷியர்வாட்டர் என்ற சிறு கட்டமரானை வணிக முறையில் கட்டி விற்கத் தொடங்கினார்கள்.

இந்தத் தலைமுறையில் தனித்து நிற்பவர் ஜேம்ஸ் வார்ரம். டி பிஷோப்பின் நூலைப் படித்து ஊக்கம் பெற்ற அந்த ஆங்கில இளைஞர், இருபத்துநான்கு அடிக்கும் குறைவான டங்கரோவா என்ற படகைத் தாமே கட்டினார். 1955–56இல் ரூத், யுட்டா என்ற இரு ஜெர்மானியப் பெண்களுடன் அதில் அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாட்டை அடைந்தார். அங்கேயே ரோங்கோ என்ற 40 அடிக் கலத்தைக் கட்டினார். பாய்ப்படகு உலகில் பின்னர் பெரும்புகழ் பெற்ற பெர்னார் முவாத்தெசியே அதற்குக் கைகொடுத்தார். 1959இல் ரோங்கோ வட அட்லாண்டிக்கை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தது. கட்டமரான் ஒன்று அந்தக் கடுங்கடலை அத்திசையில் கடந்தது அதுவே முதல் முறை. வார்ரம் பிற்காலத்தில் வரைந்த படகுகளில் உத்தரங்களைப் போல்ட்டால் முடுக்காமல் கயிற்றால் கட்டினார். நெகிழ்ந்துகொடுக்கும் இணைப்பு என்ற பழைய தீர்வு அவரிடம் திரும்ப வந்தது. அவருடைய படகில் ஃபிரிட்ஜ் கிடையாது, கூடம் கிடையாது, மழையில் நனையாமல் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குப் போகவும் முடியாது. எடையைப் பற்றி அவர் கொண்டிருந்த கண்டிப்பு பின்வந்த சொகுசுக் கலங்களில் தொடராமல் போனது இத்துறைக்குப் பெரிய இழப்பு.

1980களில் தொழில் பிரான்ஸுக்கு நகர்ந்தது. ஃபோன்தேன் பாஜோ நிறுவனம் 1983இல் தன் முதல் உல்லாசக் கட்டமரானை வெளியிட்டது. 1984இல் லகூன், ஊத்ரமேர் என்ற இரு பெயர்களும் பிறந்தன. நுரைப் பொருளையோ பால்சா மரத்தையோ நடுவில் வைத்து, இருபுறமும் கண்ணாடி இழையை ரெசினில் தோய்த்துப் படியவைக்கும் முறையால், விறைப்பும் இலேசும் ஒருங்கே கைகூடின. இரண்டு உடல்களையும் தளத்தையும் ஒரே கூடாக வார்க்க முடிந்ததும் ஹெரஷாஃபின் மூட்டுகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. கரீபியனில் வளர்ந்திருந்த படகு வாடகைத் தொழில் இக்கலங்களைப் பேரளவில் வாங்கியது. விடுமுறைக்கு வரும் குடும்பம் சாயாத படகைத்தான் விரும்பும். நாலைந்து டிகிரிக்கு மேல் சாய்வதில்லை என்பதால் மேசைமீது வைத்த தேநீர்க் கோப்பை அப்படியே இருக்கும். ஆழமான அடிக்கட்டை இல்லாததால் பவளத்திட்டு ஓரம்வரை போகலாம். 1991இல் கேப் டவுனில் தொடங்கிய ராபர்ட்சன் அண்டு கெய்ன் பட்டறையும் இந்தத் தேவைக்கே கட்டியது. வாடகைச் சந்தையின் விருப்பம் அறைகளைப் பெருக்கியது, கூரையை உயர்த்தியது, உடல்களை அகலமாக்கியது. பொருளால் மிச்சமான எடை சாமான்களாக உள்ளே திரும்பி வந்தது. இது கட்டமரானுக்கு ஆகாத செயல். ஒற்றை உடல் படகு அடியில் கட்டிய ஈயத்தின் பலத்தால் நிற்கிறது. கட்டமரான் அகலத்தால் நிற்கிறது. அதன் ஒடுங்கிய உடல்களில் ஒரு டன் கூடினால் அவை சட்டென ஆழ்ந்து வேகம் குறையும். நடுத்தளத்தின் அடிப்பக்கம் தண்ணீரை நெருங்கி அலைகள் அதில் மோதும்.

சூரிய மின்சாரத்தின் கதை வேறொரு பாதையில் வந்தது. பெல் ஆய்வகம் 1954இல் அறிவித்த சிலிக்கான் மின்கலம் வெயிலில் சுமார் 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டுகின்றன. பாய்ப்படகுகளில் அது முதலில் செய்த வேலை எளியது: பேட்டரியை இறங்கவிடாமல் காத்து, விளக்குக்கும் வானொலிக்கும் மின்சாரம் கொடுத்தது. கலத்தையே வெயிலால் ஓட்டும் முயற்சி 1990களில் வந்தது. ஜப்பானின் கெனிச்சி ஹோரி 1996இல் ஈக்குவடோரிலிருந்து டோக்கியோ வரை சூரியப் படகில் தனியாக வந்தார். ஆஸ்திரேலியாவின் ராபர்ட் டேன் வடிவமைத்த சோலார் செய்லர் என்ற கட்டமரான் 2000இல் சிட்னித் துறைமுகத்தில் ஓடியது. அதன் தகடுகள் இறக்கைபோல் எழுந்து, வெயிலையும் காற்றையும் ஒருசேரப் பிடித்தன. சுவிட்சர்லாந்தில் கட்டிய 14 மீட்டர் கட்டமரான் சன்21, 2007 பிப்ரவரியில் மார்ட்டினிக் தீவை அடைந்து, வெயிலால் மட்டும் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் படகானது. இவற்றில் பலவும் கட்டமரானாக அமைந்ததற்குக் காரணம் வெளிப்படையானது. தகடு பரப்பக் கூரை வேண்டும். அதே நீளத்தில் மிகுந்த கூரையும் குறைந்த நீர் எதிர்ப்பும் இரட்டை உடலில்தான் கிடைக்கும்.

2010இல் ஜெர்மனியின் கீல் நகரில் நீரில் இறங்கிய டூரானோர் பிளானெட்சோலார் இந்த வழியின் உச்சம். நீளம் 31 மீட்டர். தகட்டுப் பரப்பு 537 சதுர மீட்டர். உச்சத் திறன் 93 கிலோவாட். லித்தியம் பேட்டரி மட்டும் 8.5 டன். ரஃபாயேல் டோம்ஜான் முன்னெடுத்த இக்கலம் 2010 செப்டம்பர் 27 அன்று மொனாக்கோவில் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2012 மே 4 அன்று திரும்பியது. மொத்தம் 584 நாட்கள், சுமார் 60,000 கிலோமீட்டர், ஓடிய நேரத்தில் சராசரி வேகம் மணிக்கு 5 கடல் மைல் அளவு. துளி எண்ணெய் இல்லாமல் உலகைச் சுற்றலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அதற்குக் கொடுத்த விலை, தளம் முழுவதையும் தகட்டுக்கே விட்டதுதான். குடும்பம் வாழும் கலத்தில் அப்படிச் செய்ய இயலாது.

சாதாரணக் கணக்கே இதை விளக்கிவிடும். ஐம்பது அடிக் கட்டமரானின் கூரையில் 4 கிலோவாட் தகடு போடலாம். வெப்பமண்டலத்தில் நல்ல வெயில் நாளில் அது ஏறக்குறைய 16 கிலோவாட் மணி கொடுக்கும். காற்றில்லாக் கடலில் மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் ஓட அக்கலத்துக்குச் சுமார் 10 கிலோவாட் வேண்டும். ஒரு நாள் வெயில் ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்கே போதும்; தூரம் எட்டுக் கடல் மைல். அதே 16 கிலோவாட் மணியில் ஃபிரிட்ஜும் குடிநீர்க் கருவியும் சமையலும் நாள் முழுவதும் நடக்கும். ஒரு லிட்டர் டீசல் எஞ்சின் தண்டில் சுமார் 3 கிலோவாட் மணி வேலை தருகிறது. அதே அளவைச் சேமிக்க ஏறத்தாழ 30 கிலோ லித்தியம் பேட்டரி தேவை. ஆகவே நெடுங்கடலில் வெயில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறது, காற்று கலத்தை நகர்த்துகிறது, டீசல் இருப்பில் காத்திருக்கிறது.

இந்த வேலைப்பிரிவினை தெளிவாகச் சில தோல்விகள் வேண்டியிருந்தன. லகூன் 420 என்ற கலம் 2006இல் கலப்பு உந்துவிசையுடன் வெளிவந்தது: டீசல் ஜெனரேட்டர் மின்சாரம் ஆக்கும், மின்மோட்டார் புரொப்பெல்லரைச் சுழற்றும். எஞ்சினின் ஆற்றல் மின்சாரமாகி மீண்டும் சுழற்சியாவதில் ஒவ்வொரு படியிலும் இழப்பு உண்டு. அக்காலத்து ஈய அமிலப் பேட்டரிகளும் கனமானவை, ஆழமாக இறக்கினால் விரைவில் கெட்டுவிடுபவை. சிறிது காலத்திலேயே வழக்கமான டீசல் எஞ்சின் பொருத்திய வடிவமும் விற்பனைக்கு வந்தது. லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பேட்டரி படகுகளுக்கு வந்த பிறகே மின் உந்துவிசை மறுபடி எடுபட்டது.

இரண்டாம் அலையின் கவர்ச்சி மீள்மின்னாக்கம். பாய் இழுக்கும்போது புரொப்பெல்லரை நீரோட்டம் சுழற்ற, மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியை நிரப்புகிறது. பின்லாந்தின் ஓஷன்வோல்ட் நிறுவனம் இதற்கென இதழ்களின் கோணத்தை மாற்றும் புரொப்பெல்லரை உருவாக்கியது. உலகப் பாய்வழிகளைத் தொகுத்து நூலெழுதிய ஜிம்மி கோர்னெல், மகெல்லனின் கலங்கள் உலகைச் சுற்றியதன் 500ஆம் ஆண்டையொட்டி, எண்ணெயே இல்லாத ஊத்ரமேர் கட்டமரானில் 2020இல் செவில் நகரிலிருந்து கிளம்பினார். கலத்தின் பெயர் அவென்துரா சீரோ. செலவழிக்கும் அளவுக்கு மின்சாரம் திரும்பக் கிடைக்கவில்லை. தெனெரிஃபே தீவோடு பயணத்தை நிறுத்தினார். கோளாறு கருவியில் என்று சொல்வதைவிட இயற்பியலில் என்பதே பொருந்தும். நீரோட்டத்திலிருந்து கிடைக்கும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்குகிறது. வேகம் பாதியானால் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு. தானியங்கிச் சுக்கானோ வேகம் குறைந்தாலும் மின்சாரம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். இந்தத் துறையில் இதைவிடப் பயனுள்ள சோதனை நடந்ததில்லை எனலாம். வெற்றிபெற்ற பல பயணங்கள் கற்பிக்காததை அது கற்பித்தது.

இதன்பின் வந்த வடிவங்கள் பலவாறு பிரிகின்றன. எச்எச்44 என்ற கட்டமரானில் ஒரே தண்டில் டீசல் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைநிலையில் இருக்கின்றன. துறைமுகத்துக்குள் மின்சாரம், நீண்ட அமைதிக்கடலில் டீசல், கூரையில் 4 கிலோவாட்டுக்கு மேல் தகடு. பிரான்ஸின் வின்டெலோ கண்ணாடி இழைக்குப் பதில் எரிமலைப் பாறையிலிருந்து எடுக்கும் பசால்ட் இழையால் உடலை வார்க்கிறது. போலந்தின் க்டான்ஸ்க் நகரில் பிரான்சிஸ் லாப் நிறுவிய சன்ரீஃப், ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய மின்கலத் தோலைக் கூரையில் மட்டுமன்றி உடலின் பக்கங்களிலும் பாய்மரத்திலும் பதிக்கிறது. செங்குத்தான பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒருபுறம்தான் வெயில் படும், பாயின் நிழலும் விழும். ஆனால் தகட்டைத் தாங்கத் தனிச் சட்டம் தேவைப்படாததால் எடை மிச்சம். கார்பன் இழை விலை அதிகமானாலும் பெரிய கலங்களில் பரவுவதற்குக் காரணமும் அதுவே: பேட்டரி ஏற்றிய கனத்தை உடலில் குறைத்தாக வேண்டும்.

1983இல் பந்தயத்துக்காகக் கனடாவில் கட்டிய ஃபார்முல் டாக் என்ற கட்டமரான் பின்னர் எனர்ஜி அப்சர்வர் என்ற ஆய்வுக்கலமாக மாறியது. 1994இல் பீட்டர் பிளேக்கும் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனும் எழுபத்தைந்து நாட்களுக்குள் உலகைச் சுற்றிச் சாதனை படைத்ததும் அதே கலத்தில்தான். அப்போது அதன் பெயர் என்சா. 2017இல் சேன் மாலோ துறையிலிருந்து புறப்பட்ட ஆய்வுக்கலம், சூரியத் தகட்டின் மின்சாரத்தால் கடல்நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரித்துச் சேமித்து, வெயிலில்லாத நேரத்தில் அதை மீண்டும் மின்சாரமாக்கியது. 2019இல் அதன்மீது தானாகத் திரும்பும் இறக்கைப் பாய்கள் பொருத்தப்பட்டன. நீரைப் பிரித்து, அழுத்தி, மறுபடி மின்சாரமாக்குவதில் பாதிக்கு மேல் ஆற்றல் வீணாகிறது. ஆயினும் ஹைட்ரஜன் சேமிப்பு அதே ஆற்றலைத் தாங்கும் பேட்டரியைவிடப் பல மடங்கு இலேசு. நீண்ட நாள் மேகமூட்டத்துக்கான சேமிப்பாக அதைக் குடும்பங்கள் வாழும் கலங்களுக்குக் கொண்டுவருவது, தொட்டியின் பருமனும் காப்புச் செலவும் எவ்வளவு குறைகின்றன என்பதைப் பொறுத்தது. அதுவரை கட்டப்படும் நெடுங்கடல் கட்டமரான்களில் பெரும்பாலானவற்றில் டீசல் தொட்டி இருந்துகொண்டுதான் இருக்கும், முன்னைவிடச் சிறியதாக.