மறைகுறிப்புக் குறுக்கெழுத்து

மேலே ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றை ஒளித்துவைக்கும் குறிப்புகளால் ஆன சொற்புதிர். வளர்ந்த இடம் இங்கிலாந்து. குறுக்கெழுத்து பிறந்ததென்னவோ அமெரிக்காவில்தான்: 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிரில் குறிப்புகள் நேரடியானவை.

முழுக்க மறைகுறிப்புகளாலேயே முதலில் புதிர் அமைத்தவராகக் கருதப்படுபவர் எட்வர்டு போவிஸ் மேதர்ஸ். 1926 முதல் லண்டன் ‘அப்சர்வர்’ வார இதழில் ‘டார்க்கமடா’ என்ற பெயரில் எழுதினார். ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திய தலைவரின் பெயர் அது. 1939இல் அவர் மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்த டி. எஸ். மக்நட், ‘சிமெனெஸ்’ என்று இன்னொரு விசாரணைத் தலைவரின் பெயரையே சூடிக்கொண்டார். ஆனால் விடை தேடுபவருக்கு நியாயம் வழங்கியவர் அவர்தான். குறிப்பில் விடையின் பொருள் இருக்க வேண்டும், அதைக் கட்டும் வழி இருக்க வேண்டும், வெற்றுச்சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. 1966இல் இவ்விதிகளை நூலாக்கினார். இக்கலைக்குக் கிடைத்த பெருங்கொடை அது.

தமிழில் ஒன்று அமைத்துப் பார்க்கலாம்: ‘செல்வத்தின் வாசனை வீசும் சடங்கு (5)’. தனியாக உட்கார்ந்தால் மனம் பணத்தையும் பகட்டையுமே சுற்றிவரும். பக்கத்தில் இருப்பவர் “வாசனைன்னா மணம்தானே?” என்பார். “அப்போ செல்வம், திரு!” என்று இன்னொரு குரல் எழும். தி, ரு, ம, ண, ம்: ஐந்து கட்டமும் நிறைந்துவிடும். சடங்கு என்ற சொல் முதலிலிருந்தே கண்ணெதிரில் இருந்தது. ஒருவர் தடுமாறும் இடத்தில் இன்னொருவருக்குப் பொறி தட்டுவதால்தான் இதைச் சேர்ந்து அவிழ்ப்பதில் இத்தனை சுகம்.

அந்தத் தோழமை இலக்கியத்திலும் பதிந்திருக்கிறது. கோலின் டெக்ஸ்டர் தம் துப்பறியும் கதைகளின் நாயகனுக்கு மோர்ஸ் என்று பெயரிட்டது, ‘அப்சர்வர்’ குறிப்பெழுதும் போட்டிகளில் தம்மோடு மோதிய ஜெரமி மோர்ஸின் பெயரைத் தழுவி.

‘கார்டியன்’ நாளிதழில் ‘அராவ்காரியா’ என்ற பெயரில் எழுதிவந்த பாதிரியார் ஜான் கிரஹாம், 91 வயதில், 2013 ஜனவரியில், தம் நோயைப் புதிர் வழியாகவே வாசகருக்குத் தெரிவித்தார். கட்டங்களை நிரப்பியவர்களுக்குக் கிடைத்த விடைகளில் சில: புற்றுநோய், உணவுக்குழாய், நோய்த்தணிப்புச் சிகிச்சை. அவ்வாண்டு நவம்பரில் அவர் காலமானார்.