வெயிலும் உப்பும் புகையும்: பழவேற்காட்டு உலர் இறாலின் வரலாறு



பழவேற்காட்டுக்குச் சுற்றுலா செல்லும் பள்ளிப் பிள்ளைகள் முதலில் காண விரும்புவது டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டத்தை. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் இரண்டு கல்லில் செதுக்கப்பட்டு நிற்பதால் சிறுவர்க்கு அது பெரிய வேடிக்கை. ஆசிரியரும் 1613-ஆம் ஆண்டில் கெல்திரியாக் கோட்டை எழுந்ததையும், துணியும் வெடிமருந்தும் இங்கிருந்து கப்பலேறியதையும், 1825-இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்கு வந்ததையும் சொல்லி முடிக்கிறார். திரும்பி வரும் வழியில், தெருவோரத்துப் பாயின்மீது இறால் காய்கிறது. அதை மிதிக்காமல் ஒதுங்கிப் போகிறார்களேயன்றி, அதற்கும் ஒரு வரலாறு உண்டென்று நின்று பார்ப்பவர் அரியர். டச்சுக்காரர் வருவதற்கு ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன்னரே தமிழ்நாட்டுக் கழிக்கரைகளில் காய்ந்துகொண்டிருந்த பொருள் அது.

சங்க நூல்களில் இறாலுக்கு இறவு என்று பெயர். நற்றிணையில் ஒரு நெய்தற் பாட்டு, கழியில் பிடித்த இறவைக் குவியலாகக் கொணர்ந்து, புன்னை நிழலின் முன்னே பரப்பி, அது காயும் பதத்தைப் பார்த்திருக்கும் ஊரொன்றைக் காட்டுகிறது. இறவின் புறத்துக்கு முற்றாத பசுமஞ்சளை உவமை கூறுகிறார் புலவர். மஞ்சட் கிழங்கின் மேலுள்ள வளையங்களையும் இறாலின் ஓட்டு வளையங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவர் கரையில் நின்று பார்த்தே பாடினார் என்பது விளங்கும். அதே நூலில் இன்னொரு பாட்டு, சுறாவை அறுத்து உலர்த்திப் பறவை ஓட்டும் பெண்களைப் பற்றியது. தேரேறி வந்த செல்வ மகனை நோக்கி, எங்கள்மேல் புலால் நாறும், விலகி நில்லுங்கள் என்று தோழி சொல்கிறாள். அதில் நாணம் சிறிதும் இல்லை, பெருமிதமே இருக்கிறது.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் நண்பகலில் தன் சோற்றுத் தூக்கைத் திறப்பதே இல்லை. உள்ளே இருந்தது உலர் இறால் தொக்கு. உடன் பயின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருநாள் தமிழ் வகுப்பில் மேற்சொன்ன பாட்டை எடுத்து விளக்கினேன். அவன் தலைநிமிர்ந்து சிரித்தான். மறுநாள் தூக்கைத் திறந்தானா என்று நான் போய்ப் பார்க்கவில்லை, பார்ப்பதும் முறையன்று.

இனி ஏரியைப் பற்றிச் சிறிது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறியிறங்குகிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் நீரேற்றத்தோடு ஏரிக்குள் நுழைந்து, ஆழமற்ற சேற்றுநீரில் வளர்ந்து, மீண்டும் கடலை நாடும். அவ்வாறு வெளியேறும் வழியில்தான் மீனவர் வலை கட்டிக் காத்திருப்பர். முகத்துவாரம் மணலடைத்துப்போன ஆண்டில் இறாலும் இல்லை, வருவாயும் இல்லை.

வலை கட்டும் உரிமையைப் பாடு என்னும் முறையால் பங்கிட்டுக்கொண்டனர். இறால் மிகுதியாகப் படும் நீர்ப்பரப்பில், இன்ன நாள் இன்ன ஊரார், இன்ன இடம் இன்ன தலைக்கட்டு என்று முறைவைத்து மாறி மாறி வலையிடுவர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. பழவேற்காட்டுக் குப்பங்களில் இன்றும் வழங்கும் இம்முறையைப் பொருளியல் அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். பாடு ஆடவர்க்குரியது. கரைக்கு வந்த இறாலை விற்பதும் உலர்த்துவதும் பெண்டிர் பொறுப்பு. நம் பொருளுக்கு இந்தப் பிரிவினை முக்கியமானது.

மீனைக் கெடாமல் வைப்பதற்குப் பண்டையோர் அறிந்த வழிகள் மூன்று: வெயில், உப்பு, புகை. இவற்றுள் எதை ஓர் ஊர் கைக்கொண்டது என்பது சுவையை மட்டும் பொறுத்ததன்று. உப்பை முதலில் பார்ப்போம். எண்ணூரும் அத்திப்பட்டும் உப்பளங்களுக்குப் பேர்போனவை. காட்டுப்பள்ளியிலிருந்து பார்த்தால் கழிக்கு அப்பால் அவ்வளவே. ஆயினும் 1805 முதல் சென்னை மாகாணத்தில் உப்பு வாணிகம் கும்பெனியாரின் தனியுரிமையாயிற்று. 1888-இல் ஏறத்தாழ 37 கிலோகிராம் கொண்ட மணங்கு ஒன்றுக்கு வரி இரண்டரை ரூபாய். தானே பூத்துக் கிடக்கும் உப்பை வழித்தெடுப்பதும் குற்றம். கண்ணெதிரே உப்பு வெள்ளையாய்க் குவிந்திருக்க, மீனவப் பெண் ஒரு பிடி எடுக்க முடியாது.

இந்தக் கொடுமையைப் பதிவு செய்தவருள் ஒருவர் பிரான்சிஸ் டே. அவர் சென்னைப் படையில் மருத்துவர். மீன்களை ஆராய்வதில் வாழ்நாளைக் கழித்தவர். 1873-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, வரி கொடுத்து உப்பு வாங்க இயலாத மீனவர் உப்பின்றியும் உவர்மண்ணைக் கொண்டும் மீனைப் பதனிட வேண்டியிருப்பதை எடுத்துரைத்தது. பின்னர் உப்பு இலாகாவின் மேற்பார்வையில், வரியில்லா உப்புக் கிடைக்கும் உலர்த்துமிடங்கள் கடற்கரையெங்கும் திறக்கப்பட்டன. ஆனால் அந்த உப்பை வேலிக்கு வெளியே கொண்டுபோகலாகாது. மீனை அங்கேயே கொணர்ந்து, காவலர் பார்வையில் உப்பிட வேண்டும். வீட்டு முற்றத்துத் தொழில் சர்க்கார் வேலிக்குள் போயிற்று. 1930-இல் வேதாரணியத்தில் இராஜாஜி உப்பெடுத்ததைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அன்று ஒவ்வொரு வீட்டுச் சோற்றிலும் அந்த வரி இருந்தது. மீனவர் வீட்டில் அது சோற்றிலும் இருந்தது, தொழிலிலும் இருந்தது. 1947-இல்தான் அவ்வரி நீங்கியது.

இங்கே இறாலின் தனிச்சிறப்பைக் கவனியுங்கள். பெரிய மீனை வெறும் வெயிலில் இட்டால், மேற்புறம் காய்வதற்குள் உட்புறம் அழுகும். ஆகையால் உப்பு இன்றியமையாதது. சிறு இறாலுக்கோ உடல் மெல்லிது. கடும் வெயிலில் இரண்டு மூன்று நாளில் சலசலவென்று காய்ந்துவிடும். உப்பும் வேண்டா, விறகும் வேண்டா. பாயும் பகலவனும் காக்கையோட்ட ஒரு சிறுமியும் போதும். வரிக்காரனின் கை எட்டாத பொருளாய் அது பெண்டிரின் கூடையிலேயே தங்கியதற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

புகை ஏன் இல்லை என்று கேட்கலாம். புகையூட்டுதல் உலகெங்கும் உள்ள முறை. 1343-இல் மாலத்தீவுக்குச் சென்ற இபன் பதூதா, அங்கே மீனைத் துண்டமிட்டு, அவித்து, ஓலைக்கூடையில் வைத்துப் புகைகாட்டி, இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் அனுப்பியதை எழுதிவைத்தார். நம் தென்மாவட்டத்தாரும் இலங்கைத் தமிழரும் மாசி என்று வாங்குவது அதுவே. மேலை ஆப்பிரிக்காவில் புகையூட்டிய இறாலை இடித்துக் குழம்பில் இடுகின்றனர். அங்கே கானா நாட்டில், பெண்டிரின் கண்ணெரிச்சலும் விறகுச் செலவும் குறையும்படி 1970-ஐ ஒட்டிப் புதுவகை அடுப்பொன்றைக் கண்டனர். ஆக, புகைக்கு விறகு வேண்டும். பழவேற்காட்டுப் பக்கத்தில் விறகு இல்லாமலில்லை. ஸ்ரீஹரிகோட்டைக் காட்டு விறகு, 1878-இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழியில் படகு படகாகச் சென்னைக்குச் சென்றது. விறகு நகரத்து அடுப்புக்குப் போயிற்று; வெயில் குப்பத்தில் நின்றது.

ஆயினும் புகை முற்றிலும் அந்நியமன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் ஏது? அப்போது உலர்ந்த இறாலை மண்பானையிலோ ஓலைக்கூடையிலோ இட்டு, அடுப்புக்கு மேலேயுள்ள பரணில் ஏற்றிவிடுவார்கள். சவுக்கு மிலாறும் பனைமட்டையும் எரியும் புகை இரண்டு மாதம் அதன்மீது படிந்து, ஈரமும் பூச்சியும் அணுகாமல் காக்கும். தைமாதத்தில் இறக்கினால் இறால் செம்பழுப்பாகி, நறுமணம் ஏறியிருக்கும். எவரும் புகையிறால் செய்வோம் என்று செய்ததன்று, மழை செய்வித்தது. அதனை நான் உண்டிருக்கிறேன். வெயிலில் மட்டும் காய்ந்ததற்கு அந்தச் சுவை வாராது.

சமைக்கும் முறையும் எளிது. தலையையும் வாலையும் கிள்ளி, வெறும் மண்சட்டியில் மொறுமொறுவென வறுத்து, பிறகே நீரில் அலச வேண்டும். முதலில் அலசினால் மணம் போய்விடும்; மணலும் எளிதில் நீங்காது. சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, கத்தரிக்காயோ முருங்கைக்காயோ இட்டு, புளிக்கரைசல் ஊற்றிக் கொதித்தபின் இறாலைச் சேர்ப்பர். மாங்காய்க் காலத்தில் புளிக்கு வேலையில்லை. ஒரு கைப்பிடி இறால் ஒரு குடும்பத்தின் சோற்றுக்குப் போதும்.

பனிக்கட்டி வந்தபோது கதை மாறியது. 1953-இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் முதன்முறையாக அமெரிக்காவுக்குச் சென்றது. அதற்குமுன் மேலைக் கடற்கரையின் உலர் இறால் பர்மாவுக்குச் சென்றுகொண்டிருந்தது. உறையவைக்கும் தொழில் ஊன்றியதும் பெரிய இறாலுக்கு வெளிநாட்டு விலை கிடைத்தது. அது பாய்க்கு வராமல் பெட்டிக்குப் போயிற்று. மீனவர் கையில் பணம் புரண்டது உண்மை, அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் கொள்முதல் செய்பவர் வியாபாரியானார். பெண்டிர் கூடைக்குப் பொடியிறாலும் சென்னாக்கூனியும் மிஞ்சின.

காட்டுப்பள்ளியின் இன்றைய நிலை வேறு. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் கொசத்தலையாற்றுக் கழியும் கால்வாயும் சூழ்ந்த மணல்திட்டு அது. 2013-இல் அங்கே துறைமுகம் திறக்கப்பட்டது. அதற்காகக் குப்பத்து மக்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். தெற்கே அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழியில் கலந்து சேறாகியிருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவி, வலைகளும் படகுகளும் கறுத்தன. உப்புக்கு வரி இல்லை, இறாலுக்குத் தடையில்லை. பாய் விரிக்கத் தூய மணலும், வலை கட்டத் தெளிந்த நீரும் தேட வேண்டியிருக்கிறது.

அடுக்களையிலும் ஒரு மாறுதல். எரிவாயு அடுப்பு வந்தபின் பெண்டிர் கண்கள் புகையிலிருந்து தப்பின. அடுப்புக்கு மேல் பரண் கட்டுவாரும் இல்லை. அடைமழை மாதங்களில் உலர் இறால் இப்போது பிளாஸ்டிக் டப்பாவில், பாலுக்கும் தயிருக்கும் மணம் ஏறாதபடி இரண்டு உறைகளால் சுற்றப்பட்டு, குளிர்பெட்டியின் அடித்தட்டில் இருக்கிறது.