மெஸ் தட்டின் அடிமுத்திரை: ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு வாசிப்பு

இரண்டாம் உலகப் போர்க்காலத்து இங்கிலாந்துப் பீங்கானைச் சேகரிக்கும் இந்தியர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழிகாட்டி நூல்களின் அளவுகோலையே கையாளுகிறார்கள். பெங்களூரில் கிடைக்கும் பொருள்களுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கிலாந்துச் சேகரிப்பாளர் வெறும் வெள்ளைத் தட்டில் தம் நாட்டு வீடுகளின் பற்றாக்குறையைக் காண்கிறார். அதே நிறத் தட்டு இங்கே கன்டோன்மென்ட் மெஸ்களின் கதையைச் சொல்கிறது. அங்கே சமைத்தும் பரிமாறியும் கழுவியும் பிழைத்தவர்களின் கதையும் அதற்குள் இருக்கிறது.

முதலில் இங்கிலாந்து நிலவரம். 1941இல் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் வட்டாரத்துப் பீங்கான் ஆலைகளை ஒருங்கிணைக்கும் திட்டம் வந்தது. பல ஆலைகள் சூளையை அணைத்து, ஆட்களைப் போர் வேலைக்கு விட்டன. 1942 முதல் உள்நாட்டுச் சந்தைக்கு ஓவியமில்லாத, அவசியப் பாத்திரங்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. கைப்பிடி இல்லாத கோப்பைகள்கூட வந்தன. பூவேலைப்பாடு செய்தவை அந்நியச் செலாவணிக்காக ஏற்றுமதிக்கு ஒதுக்கப்பட்டன. இந்தக் கட்டுப்பாடு 1952 வரை நீடித்தது. உட் அண்ட் சன்ஸ் ஆலையின் ‘பெரில்’ வகையில் களிமண்ணிலேயே பச்சை நிறம் கலந்திருந்ததால், மேலே ஓவியம் தீட்டாமலே தட்டு கண்ணுக்கு இதமாக இருந்தது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. வீட்டு உபயோகத்துக்கான அந்த வெள்ளைப் பாத்திரம் இங்கிலாந்துக்கே போதாமல் இருந்த சரக்கு. கப்பலில் இடமே கிடைக்காத அந்நாளில் அது பெங்களூருக்கு வர வழியில்லை. எனவே இங்கே கிடைக்கும் வெள்ளைத் தட்டை ஏதோ துரைமார் வீட்டுச் சாமான் என்று கொள்வதற்கு முன் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்து வீடொன்றில் ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக இருக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். கையில் எடுத்ததுமே கனம் தெரிகிறது. விளிம்பு தடித்து உருண்டிருக்கிறது. அடுக்கும்போது சில்லு பெயராமல் இருக்க ஓட்டல் பாத்திரங்களுக்குச் செய்யும் வடிவம் அது. மெருகின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கத்திக் கீறல்கள். கையால் பிசைந்து சாப்பிடும் வீட்டில் இப்படிக் கீறல் விழாது. அடியில் ஆலையின் பெயர், கிரீடம், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முதலெழுத்துகள், ஆண்டு. விரல் அகலமே உள்ள இந்த முத்திரை, தட்டு அரசாங்கச் சொத்து என்பதைச் சொல்லிவிடுகிறது. பூப்போட்ட தேநீர் செட் எதிலும் இவ்வளவு தெளிவான சாட்சியம் கிடைப்பதில்லை.

போர்க்காலப் பெங்களூர் பெரும் படைத்தளம். 1940 டிசம்பரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொடங்கியது. பின்னர் அமெரிக்க விமானப்படையும் அங்கே பழுதுபார்ப்பில் இறங்கியது. ஜாலஹள்ளிப் பக்கம் இத்தாலியப் போர்க்கைதிகள் இருந்தார்கள். இத்தனை பேருக்கும் சாப்பாட்டு மேசை வேண்டும். கன்டோன்மென்டில் பட்லராகவும் சமையல்காரராகவும் மேட்டியாகவும் (எடுபிடி ஆளாகவும்) தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்தவர்கள். எழுத்தாவணங்களில் அவர்களைத் தேடினால் அதிகம் அகப்பட மாட்டார்கள். தட்டுகள் முக்கியமாவது இதனால்தான்.

ஸ்ரீராம்புரம் மைசூர் சமஸ்தானத்துப் பக்கம். கன்டோன்மென்ட் பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்தது. 1947 ஜூலை 26 அன்றுதான் அது மைசூரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949இல் நகரம், கன்டோன்மென்ட் ஆகிய இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. போர் முடிந்ததும் உபரிச் சாமான்களை அரசு விற்றுத் தீர்த்தது. ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்று நம் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். நகரின் கிழக்கே கன்டோன்மென்டில் புழங்கிய தட்டு, டிஸ்போசல் வழியாகவோ பட்லர் குடும்பங்களின் வழியாகவோ குஜரி எனப்படும் பழைய சாமான் கடைகளின் வழியாகவோ மேற்கே ஸ்ரீராம்புரத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்தத் தட்டு எந்த வழியில் வந்தது என்பதை அந்தந்த வீட்டில் கேட்டால்தான் தெரியும்.

இங்கே இன்னொரு பொருளையும் சேர்க்க வேண்டும். மல்லேஸ்வரத்தில், ஸ்ரீராம்புரத்துக்கு அருகிலேயே, மைசூர் அரசு 1930களில் தொடங்கிய பீங்கான் ஆலை இருந்தது; பிற்காலத்தில் அது பெல் (BHEL) நிறுவனத்தின் மின்பீங்கான் பிரிவாயிற்று. கப்பல் போக்குவரத்து நெருக்கடியால் சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகளுக்கு இந்தப் பகுதியிலிருந்தே சாமான் திரட்ட 1941இல் டெல்லியில் கிழக்குக் குழும வழங்கல் மன்றம் அமைந்தது. அந்தச் சூழலில் உள்நாட்டுப் பீங்கானையும் இங்கிலாந்துப் பீங்கானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க முடியும். ‘நாட்டுச் சரக்கு’ என்று சேகரிப்பாளர்கள் உள்நாட்டுப் பீங்கானை ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது. ஜோடியில் பாதியைத் தூக்கியெறிந்துவிட்டு மீதியை எப்படி விளக்குவது?

தட்டு செய்யப்பட்ட ஆண்டைத்தான் முத்திரை சொல்லும், இந்தியாவுக்கு வந்த ஆண்டைச் சொல்லாது என்ற ஆட்சேபம் எழலாம். நியாயமான ஆட்சேபம். அதனால்தான் வாங்கும்போதே யாரிடமிருந்து, எந்தத் தெருவில், அவர் வீட்டில் யார் எங்கே வேலை பார்த்தார் என்பதைக் குறித்து வைக்க வேண்டும் என்கிறேன். மயிர்க்கோட்டு விரிசலில் ஊறிய தேநீர்க் கறையை ப்ளீச்சிங் பவுடரால் வெளுக்கவும் கூடாது. புழங்கிய தடம் அது.

ஆண்டு அச்சிடாத முத்திரைகளில் கூடுதல் கவனம் தேவை. ஆறாம் ஜார்ஜ் 1936 முதல் 1952 வரை ஆண்டவர்; அவருடைய முதலெழுத்துகள் இருப்பதாலேயே ஒரு தட்டு போர்க்காலத்தது ஆகிவிடாது. கடைக்காரர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், அதைப் ‘போர்க்காலம்’ என்ற அட்டவணையில் சேர்க்காமல் தனியாக எழுதி வைப்பதே முறை.