எல்லையும் வழியும்: கும்பு பசாங் லாமு ஊரக நகராட்சியின் ஆட்சி வரலாறு

கிராமப் பஞ்சாயத்து வளர்ந்து கிராம வளர்ச்சிக் குழுவாகி, அது ஊரக நகராட்சியாக முதிர்ந்தது என்று நேபாள உள்ளாட்சி வரலாற்றை நேர்கோடாக வரைவது வழக்கம். சோலுகும்பு மாவட்டத்தின் வடகோடியிலுள்ள கும்பு பசாங் லாமு ஊரக நகராட்சிக்கு அந்தக் கோடு பொருந்தவில்லை. அதன் அதிகாரம் அமைந்திருக்கும் இடத்தால் வந்தது. 2017க்குப் பிறகே வந்தது.

வடக்கே திபெத்து எல்லை, எவரெஸ்ட். தெற்கே தூத்கோசிப் பள்ளத்தாக்கில் லுக்லா. அங்கே 1964இல் அமைந்த விமான ஓடுதளத்தில் இறங்கி நடந்தே பெரும்பாலோர் 3,440 மீட்டர் உயரத்திலுள்ள நாம்சேயை அடைகிறார்கள். நாம்சே வரை மோட்டார் சாலை இன்றும் இல்லை. இந்த ஒரே ஒற்றையடிப் பாதைதான் நம் வாதத்தின் முக்கியச் சான்று.

பஞ்சாயத்து ஆட்சி நாட்டை 14 மண்டலங்களாகவும் 75 மாவட்டங்களாகவும் வகுத்தபோது, இப்பகுதி சாகர்மாதா மண்டலத்தில் சேர்ந்தது. எவரெஸ்டின் நேபாளப் பெயரைத் தாங்கிய அம்மண்டலத்தின் தலைமையிடமோ தராய்ச் சமவெளியிலுள்ள ராஜ்பிராஜ்! அதற்கு முன் ஊரில் உண்மையான கட்டுப்பாடு ‘ஷிங்கி நாவா’ எனப்பட்ட ஷெர்பா வனக்காவலரிடம் இருந்தது. 1957இல் காடுகள் நாட்டுடைமையானதும் அவர்கள் பிடி தளர்ந்தது. 1976இல் சாகர்மாதா தேசியப் பூங்கா வந்தது. கிராமப் பஞ்சாயத்துக்கோ, 1990க்குப் பின் அதன் இடத்துக்கு வந்த வளர்ச்சிக் குழுவுக்கோ இவற்றில் பெரிய பங்கில்லை. 2002இல் அக்குழுக்களின் பதவிக்காலமும் முடிந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2017இல்தான் நடந்தது. இதை வளர்ச்சி என்பது மிகை.

2017 மார்ச்சில் நாம்சே, கும்ஜுங், சௌரிகர்கா முதலிய பகுதிகள் இணைந்து, எவரெஸ்ட் ஏறிய முதல் நேபாளப் பெண்ணான பசாங் லாமு ஷெர்பாவின் பெயரில் ஊரக நகராட்சி உருவாயிற்று. இணைப்பால் வந்த பரப்பே வலிமை தந்தது என்பாருண்டு. அப்படியானால் அதே முறையில் இணைந்த மற்ற ஊரக நகராட்சிகளும் இதே வலிமை பெற்றிருக்க வேண்டுமே? அரசியலமைப்பின் 8ஆம் அட்டவணை சுற்றுலாக் கட்டணம் விதிக்கும் உரிமையை எல்லா உள்ளாட்சிகளுக்கும் பொதுவாகத்தான் வழங்கியது. வசூலிக்க வழிப்போக்கர் வேண்டும். அவர்கள் இங்கே தவறாமல் வந்தார்கள். அவ்வாண்டே, நடுவண் அமைப்புகளின் மலைநடை அட்டைக்குப் பதிலாக, வெளிநாட்டாரிடம் 2,000 ரூபாய் நுழைவுக் கட்டணத்தை இந்நகராட்சி தானே வாங்கத் தொடங்கியது. லுக்லாவில் நகராட்சிக்கு ஒரு சீட்டு, மேலே மோஞ்சோவில் பூங்காவுக்கு ஒரு சீட்டு: ஒரே பாதையில் இரண்டு ஆட்சிகள்.

மலையேறுவோர் தம் கழிவைப் பையில் கீழே கொண்டுவர வேண்டும் என்று 2024இல் விதி செய்யும் அளவுக்கு நகராட்சியின் கை நீண்டுள்ளது. ஆயினும் மலையேற்ற உரிமத்தொகையில் 50 விழுக்காடு நடுவண் அரசுக்கும், 25 மாகாணத்துக்கும் செல்ல, உள்ளாட்சிகளுக்கு எஞ்சுவது 25தான். எவரெஸ்ட் ஏறுவதற்கான அனுமதியை இன்றும் காத்மாண்டுவிலுள்ள சுற்றுலாத் துறையே வழங்குகிறது.