வைக்கத்தில் கூடிய தொண்டர்கள்: யாருடைய பாவம், யாருடைய பணி?

பல சமயத்தார் ஒன்றுகூடிச் சாதி வேற்றுமையை எதிர்த்த நிகழ்ச்சிகளுள் வைக்கம் சத்தியாக்கிரகம் தனிச் சிறப்புடையது. தென்னிந்திய விடுதலை இயக்க வரலாற்றில் அதற்குரிய இடத்தை நாம் அறிவோம். ஆயினும், பிறர் சமயத்துக்குள் நிலவும் அநீதியை எதிர்க்க வேறு சமயத்தார் முன்வரலாமா என்னும் வினா அங்கே எழுந்ததையும், அது ஒரு கிறிஸ்தவரை முன்னிட்டே எழுந்ததையும் நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை. இறையியல் மாணவருக்கும் சபை ஊழியருக்கும் இவ்வினா இன்றும் பயனுடையதாகும்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த வைக்கத்தில் மகாதேவர் ஆலயத்தைச் சுற்றி நான்கு புறமும் சாலைகள் இருந்தன. ஈழவர், புலையர் முதலிய மக்கள் அச்சாலைகளில் நடக்கலாகாது எனத் தடை இருந்தது. போராட்டக்காரர் கேட்டது ஆலயப் பிரவேசம் அன்று. பொதுச் சாலையில் நடக்கும் உரிமை மட்டுமே. அதே சாலைகளில் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் தடையின்றி நடந்து வந்தனர். ஆகவே கிறிஸ்தவர் அங்கே வெறும் பார்வையாளர் அல்லர். அயலானுக்கு மறுக்கப்பட்ட ஒன்றை அனுபவித்து வந்தவர்கள்.

1923-ஆம் ஆண்டு காக்கிநாடாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் ஈழவத் தலைவர் டி. கே. மாதவன் தீண்டாமை ஒழிப்பை வலியுறுத்தினார். அதன் விளைவாகக் கேரளக் காங்கிரஸார் இப்பணியை மேற்கொண்டனர். 1924-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் குஞ்ஞப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் என்னும் மூவர் தடை செய்யப்பட்ட சாலையை நோக்கி நடந்தனர். முதல்வர் புலையர், அடுத்தவர் ஈழவர், மூன்றாமவர் நாயர். மூவரும் கைது செய்யப்பட்டனர். நாள்தோறும் தொண்டர்கள் இவ்வாறே சென்று சிறைப்பட்டனர். ஒரு வாரம் கழிந்து மாதவனும் கே. பி. கேசவ மேனனும் சிறை சென்றபோது, தலைமைப் பொறுப்பு ஜார்ஜ் ஜோசப்பின் மேல் விழுந்தது.

ஜார்ஜ் ஜோசப் செங்கன்னூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1887-ஆம் ஆண்டு பிறந்தவர். மதுரையில் பாரிஸ்டராகத் தொழில் புரிந்தவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தால் துன்புற்ற கள்ளர் சமூகத்தாருக்காக அவர் வாதாடியதையும், அம்மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்புடன் அழைத்ததையும் மதுரை மக்கள் அறிவர். அவரைப் பொறுத்தவரை வைக்கத்துப் பிரச்சினை குடியுரிமைப் பிரச்சினையாகும். பொதுச் சாலை எல்லார்க்கும் பொதுவெனில், அதற்காகப் போராடும் கடமையும் எல்லார்க்கும் பொதுவே.

காந்தியடிகள் இதற்கு உடன்படவில்லை. 1924 ஏப்ரல் 6-ஆம் நாளிட்ட கடிதத்தில், இப்பணியை இந்துக்களிடமே விட்டுவிடுமாறு அவர் ஜோசப்புக்கு எழுதினார். தீண்டாமை இந்துக்களின் பாவம். அதற்காகத் துன்புற்றுத் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டியவர்களும் அவர்களே. ஜோசப் பேனாவாலும் அனுதாபத்தாலும் உதவலாம், சத்தியாக்கிரகத்தை நடத்தலாகாது என்பதே அவர் கருத்து. சில நாள்களுக்குள் ஜோசப்பும் கைதாகிச் சிறை சென்றார். பஞ்சாபிலிருந்து வந்த அகாலி சீக்கியர் தொண்டர்களுக்கு உணவளிக்க இலவச உணவுச்சாலை திறந்தனர். அதுவும் காந்தியடிகளின் விருப்பப்படி மூடப்பட்டது.

காந்தியடிகளின் வாதத்தை எளிதில் தள்ளிவிடலாகாது. மனந்திரும்புதலைப் பிறன் எனக்காகச் செய்ய இயலாது என்பது நம் பிரசங்க பீடங்களிலிருந்து நாமே போதிக்கும் உண்மையன்றோ? அவ்வழி பலனும் தந்தது. 1924 நவம்பரில் மன்னத்துப் பத்மநாபன் தலைமையில் சாதி இந்துக்கள் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடைப்பயணம் மேற்கொண்டனர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு தலைமையில் மற்றோர் அணி புறப்பட்டது. சுமார் 25,000 சாதி இந்துக்கள் ஒப்பமிட்ட விண்ணப்பம் அரசப் பிரதிநிதியாக ஆண்ட மகாராணி சேது லட்சுமி பாயிடம் அளிக்கப்பட்டது. தடையால் பயனடைந்தோரே தடையை நீக்கக் கேட்டது சிறிய காரியம் அன்று.

ஆயினும் அவ்வழியின் எல்லையும் விரைவில் வெளிப்பட்டது. 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டமன்றத்தில் சாலைத் தீர்மானம் 21-க்கு 22 வாக்குகளால் தோற்றது. அடுத்த மாதம் காந்தியடிகளே வைக்கம் வந்து இண்டந்துருத்தி நம்பூதிரியைச் சந்தித்தார். பிராமணரல்லாத அவர் இல்லத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. வெளியே அமர்ந்தே பேச வேண்டியதாயிற்று. சாதி இந்துக்களிடையே வாக்கெடுப்பு நடத்தலாம் என்று அவர் கூறிய யோசனையும் ஏற்கப்படவில்லை. இழைத்தவரின் மனமாற்றத்துக்கு மட்டுமே காத்திருந்தால், இழைக்கப்பட்டவர் எத்தனை தலைமுறை சாலையோரத்தில் நிற்பது?

அவ்வாறு நின்றவர்களின் உறுதியே இயக்கத்தைக் காத்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் தொண்டர்கள் நீரில் நின்றபடியே சத்தியாக்கிரகம் செய்தனர். ஈரோட்டிலிருந்து வந்த ஈ. வெ. ராமசாமி இருமுறை சிறை சென்றார். அவர் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் களத்தில் இறங்கினர். ஸ்ரீ நாராயண குரு ஆயிரம் ரூபாய் நன்கொடையளித்துத் தம் மடத்தையும் தொண்டர் பயன்பாட்டுக்கு விட்டார். அவ்விடம் கூடியவர்கள் கடவுளைப் பற்றி ஒரே கருத்துடையோர் அல்லர். மனிதனைப் பற்றிய ஒரு கருத்தில் மட்டும் அவர்கள் ஒன்றுபட்டிருந்தனர்.

1925 நவம்பரில் போராட்டம் முடிவுற்றது. மூன்று புறச் சாலைகள் எல்லார்க்கும் திறக்கப்பட்டன. கிழக்குச் சாலை ஆலயத்துள் சென்று வழிபட உரிமை பெற்றோருக்கென ஒதுக்கப்பட்டது. அதுவரை அதில் நடந்துவந்த கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் அவ்வுரிமையை இழந்தனர். அயலானின் உரிமைக் குறைவு நம்மைத் தொடாது என்று எண்ணியிருந்தோருக்கு இதனினும் தெளிவான மறுமொழி வேண்டுமோ? ஆலயங்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட 1936 நவம்பர் 12-ஆம் நாள் வெளியான பிரகடனம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வரலாறு திருச்சபைக்கு இரு பாடங்களைத் தருகிறது. முதலாவது, காந்தியடிகள் ஜோசப்புக்கு எழுதியதை நாம் நமக்கே எழுதப்பட்டதாக வாசிக்க வேண்டும். சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதெனக் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விடுத்தார். தமிழ்ச் சபைகளில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. தனித்தனி இருக்கைகளும் தனித்தனிக் கல்லறைகளும் அதன் பின்னும் நம்மிடையே நீடித்தன. அது நம் பாவம். அதற்கு மனந்திரும்ப வேண்டியவர்கள் நாமே.

இரண்டாவது, நம் வீடு முற்றும் தூய்மையாகும்வரை அயலானுக்காக வெளியே வரலாகாது என்பது இதனால் பெறப்படுவதன்று. நல்ல சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனின் சமயத்தை விசாரித்தபின் உதவியவன் அல்லன். ஜோசப்பும் தம் சபையின் குறை தீரட்டும் என்று காத்திராமல் சிறை சென்றார். ஆனால் அயலானுக்காகச் சாலையில் நிற்கும் கிறிஸ்தவன் நீதி கற்பிக்கும் குருவாக நிற்கலாகாது. தானும் அதே குற்றத்தில் பங்குடையவன் என்று உணர்ந்தவனாக நிற்க வேண்டும். அத்தகைய தாழ்மை இருக்குமாயின், பிற சமயத்தாரோடு சேர்ந்து செய்யும் பணியில் யார் தலைவர், யார் விருந்தினர் என்னும் வழக்குக்கு இடமிராது. நம் சபைகள் இருக்கும் ஊர்களில் இன்றும் சிலருக்கு அடைக்கப்பட்டிருக்கும் தெருக்கள் எவை என்று கேட்பதிலிருந்து அப்பணி தொடங்கலாம்.